கடைசி நாற்பது பேர்

பெருமாநல்லூர்
14.11.1996

அன்புள்ள தம்பி ஞானசம்பந்தத்துக்கு அக்கா மயிலாத்தாள் எழுதுவது.

இங்கே நானும் உன் மச்சானும் பூங்கொடியும் சுகம். நீயும் வசந்தாமணியும் பாப்பாவும் அங்கே சுகமாக இருக்கிறீர்களா? வசந்தாமணிக்குக் கழுத்து வலி என்றாயே, வைத்தியரிடம் காட்டினாயா, இல்லை தைலத்திலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ ‘சரிங்கக்கா, சரிங்கக்கா’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தில் அப்படி நழுவ முடியாது. அதோடு போன் இருப்பது எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸில். நான் வாயைத் திறந்தால் செக்கிங் டேபிள் வரைக்கும் எல்லோரும் கை வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்த மருது சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. பட்டாசுச் சத்தத்துக்கே எரிந்து விழுந்தான். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அவன் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். உன் மச்சான் வயிற்றில் ரகசியம் ஒரு வேளைகூட நிற்காது என்பது உனக்குத் தெரியும். உங்கள் விமானக் கம்பெனி நொடித்துப்போய்க் கிடக்கிறதாம். பைலட்டுகள் எல்லோரும் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கடைசியாகச் சேர்ந்த கோ-பைலட்டுகள் நாற்பது பேரைச் சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அந்த நாற்பதில் மருதுவும் ஒருத்தனாம். எது என்பதை உங்கள் சங்கம்தான் முடிவு செய்யுமாம். சங்கக் கமிட்டியில் நீ இருக்கிறாயாம்.

இதை நீயே எனக்கு எழுதியிருக்க வேண்டாமா?

அவனை எங்கள் பனியன் கம்பெனியில் உட்கார வைக்கத்தான் அவன் அப்பா நினைத்தார். “நான் இருக்கறனுங்க மச்சான், பையனை எங்கூட அனுப்புங்க” என்று எங்கள் வீட்டு நடையில் நின்று சொன்னவன் நீ. உன் வாய் வார்த்தையை நம்பித்தான் அனுப்பினோம். ஆகவே தம்பி, எல்லோருமாகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உன்னைப் போன்ற கேப்டன்களுக்குக் கொஞ்சம் குறைந்தால் குடி முழுகிவிடாது.

உடனே பதில் போடு. குளிர் காலம், பாப்பாவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் அக்கா
மயிலாத்தாள்


மும்பை
30.11.1996

அன்புள்ள அக்காவுக்கு ஞானசம்பந்தம் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு யாவரும் நலம். வசந்தாமணியை வைத்தியரிடம் காட்டியாகிவிட்டது, தலையணையை மாற்றச் சொன்னார். மச்சானுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

முன்பே எழுதாதது தப்புதான். முடிவாகாத ஒன்றை எழுதி உங்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

மருது சொன்னது உண்மை. எங்கள் விமானங்கள் எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. வாடகையை டாலரில் கட்ட வேண்டும், டிக்கெட்டை ரூபாயில் விற்கிறோம். பாதி சீட் காலியாகப் பறக்கிறது. நிர்வாகம் எங்கள் முன் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, எல்லாப் பைலட்டுகளுக்கும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. மற்றொன்று, நாற்பது பேர் வெளியே.

போன வாரம் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம் நடந்தது. புயலுக்குள் விமானத்தை ஓட்டும்போது குரல் உயர்த்தாதவர்கள் அங்கே மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார்கள். “குறைத்த சம்பளம் எந்தக் கம்பெனியில் திரும்ப ஏறியிருக்கிறது?” என்றார் ஒரு சீனியர். “இன்றைக்கு நாற்பது பேரைக் கொடுத்தால் நாளைக்கு அடுத்த நாற்பதைக் கேட்பான்” என்றான் ஒரு பையன். இளசுகளுக்கு வயது இருக்கிறது, நமக்கு வீட்டுக் கடன்தான் இருக்கிறது என்று இன்னொருவர் சொல்ல, பாதி ஹால் கை தட்டியது. பாதி ஹால் ஊளையிட்டது.

அக்கா, ஒரு வருஷம் பறக்காமல் இருந்த பைலட்டை வேறு கம்பெனிக்காரன் சுலபத்தில் சேர்க்க மாட்டான். மறுபடி பயிற்சி, மறுபடி பரீட்சை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மருது என் அக்கா மகன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தால் அவனுக்காகத்தான் திறக்கிறேன் என்பார்கள்.

பார்க்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்கொடிக்கு என் அன்பு.

தம்பி
ஞானசம்பந்தம்


பெருமாநல்லூர்
9.12.1996

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மச்சானுக்குச் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. காலையில் நடக்கிறேன் என்று கிளம்பிப் போய் பேக்கரியில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். மற்றபடி எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ‘அவனுக்காகத்தான் திறக்கிறேன் என்பார்கள்’ என்றால்? சொல்லட்டுமே! அக்கா மகனுக்காகப் பேசாமல் பிறகு யாருக்காகப் பேசுவாய்?

இங்கேயும் நிலைமை சரியில்லை. சாயத்தில் ஏதோ மருந்து கலந்திருக்கிறது என்று காரணம் சொல்லி ஜெர்மனிக்காரன் ஆர்டரை நிறுத்திவிட்டான். தைத்த சட்டைகள் அட்டைப் பெட்டியோடு மூலையில் கிடக்கின்றன. மிஷின் பாதிக்கு மேல் ஓடவில்லை. டெய்லர்களைக் கூப்பிட்டு, கடைசியாகச் சேர்ந்த ஆறு பேர் நின்றுகொள்ளுங்கள் என்று உன் மச்சான் சொன்னார். அவர்கள் ஒப்பவில்லை. “இருக்கிற வேலையை முறை போட்டுத் தெச்சுக்கறமுங்க. வாரத்துல மூணு நாள் இவுங்க, மூணு நாள் அவுங்க” என்றார்கள். அதற்குள்ளேயே பழைய டெய்லர்கள் சிலர், “எங்களுக்கு எதுக்குங்க முறை, நாங்க முழு வாரமும் வாரமுங்க” என்று குறுக்கே பேச, ஒரே சத்தம். முறை போட்டால் ஒருத்தனும் ஒழுங்காக வர மாட்டான் என்று உன் மச்சான் முடித்துவிட்டார். ஆறு பேரை நிறுத்தியாகிவிட்டது.

அதிலே அழகுமலை என்று ஒருத்தன். நெருப்பெரிச்சல் ஊரில் இருந்து சைக்கிளில் வருவான், கை சுத்தம். கணக்கு முடித்துப் போகும்போது என்னிடம் வந்து, “ஏனுங்க அக்கா, சுப்பண்ணன் பையன் எனக்குப் பொறவு, ஆடியிலதானுங்களே வந்தான்? அவனை மட்டும் எப்படீங்க வெச்சுக்கிட்டீங்க?” என்று கேட்டான். சுப்பண்ணன் உன் மச்சானுக்குப் பங்காளி. அவர் மகனை எப்படி அனுப்ப முடியும்? “சொந்தம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா” என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நாங்கள் எங்கள் ஆளை விட்டுக்கொடுக்கவில்லை. நீயும் விட்டுக்கொடுக்காதே.

வசந்தாமணியை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா
மயிலாத்தாள்


மும்பை
3.1.1997

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மூடுபனியால் டில்லியில் விமானங்கள் எல்லாம் தாமதம், வீட்டுக்கு வருவதும் போவதும் தாறுமாறாக இருக்கிறது. நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் நலமும் அப்படியே என்று நம்புகிறேன்.

கமிட்டியில் நான் ஒரு யோசனை சொன்னேன். யாரையும் அனுப்ப வேண்டாம், சம்பளத்தையும் நிரந்தரமாக வெட்ட வேண்டாம். எல்லோரும், கேப்டன்களும் சேர்த்து, முறை வைத்து வருஷத்துக்குச் சில வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கலாம். உங்கள் டெய்லர்கள் சொன்னதுதான். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறார்கள். பிப்ரவரி முதல் வாரம் பொதுக்கூட்டம்.

அழகுமலை கேட்டதையும் நீங்கள் சொன்ன பதிலையும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. அந்த ஆறு பேருக்கும் ஒரு அக்கா இருப்பாள் இல்லையா? அவளும் யாருக்காவது கடிதம் எழுதிக்கொண்டிருப்பாள்.

தப்பாக நினைக்க வேண்டாம். தூக்கம் சரியில்லை. எதை எழுதினாலும் இப்படித்தான் வருகிறது. மருது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். பாப்பாவோடு விளையாடுகிறான், சாப்பிடுகிறான். கூட்டத்தைப் பற்றி அவனும் கேட்பதில்லை, நானும் பேசுவதில்லை.

தம்பி
ஞானசம்பந்தம்


பெருமாநல்லூர்
12.1.1997

தம்பிக்கு,

சுகம். பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நான் உன்னிடம் மருதுவைக் கேட்டேன். நீ என்னிடம் அழகுமலையைக் கேட்கிறாய். கேப்டனானால் இப்படியெல்லாம் பேச வருமா? அவன் ஒன்றும் சொல்லவில்லை. “சரீங்க” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போதுமா?

கோபம் இருந்தாலும் நல்ல செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பூங்கொடிக்கு இடம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பல்லடம், பையன் வக்கீல். வைகாசிக் கடைசி முகூர்த்தம். தாய்மாமன் சீர் நீ எடுத்து வந்து முன்னால் நிற்க வேண்டும். இப்போதே லீவு சொல்லி வைத்துவிடு. தாய்மாமன் என்று அவளுக்கு இருப்பது நீ ஒருத்தன்தான். நீ வராமல் அவள் மணவறையில் உட்கார மாட்டாள், அதையும் அவளே சொல்லச் சொன்னாள்.

மருது வேலையில் இருக்கும்போதே கல்யாணம் நடக்க வேண்டும். சம்பந்தி வீட்டார், “அண்ணன் பைலட்டுங்களாமா” என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்கள். பிப்ரவரியில் உன் வாயைத் திற.

பாப்பாவுக்கு முத்தம்.

அக்கா


பெருமாநல்லூர்
13.2.1997

தம்பிக்கு,

மருது வந்துவிட்டான். பெரிய பெட்டி இரண்டோடு வந்து இறங்கினான். லீவுக்கு வருகிறவன் அத்தனை பெட்டி கொண்டுவர மாட்டான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. “ஒரு வருசந்தாம்மா, கூப்புட்டுருவாங்க” என்று சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன். சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டார்களாம். யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாதாம். கொஞ்சம் பேர் வித்தியாசத்தில் நாற்பது பேரை அனுப்புவது என்று முடிவாகிவிட்டதாம்.

யாருக்கும் தெரியாவிட்டால் என்ன, உனக்குத் தெரியுமே. நீ என்ன எழுதிப் போட்டாய்? ஒரு வாரமாகியும் உன்னிடமிருந்து போனும் இல்லை, கடிதமும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மயிலாத்தாள்


பெருமாநல்லூர்
20.2.1997

மதிப்புக்குரிய மாமாவுக்கு மருதாசலம் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அத்தைக்கும் பாப்பாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். அறையைக் காலி செய்த அன்று உங்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அத்தை, நீங்கள் தூங்குவதாகச் சொன்னார்கள். காத்திருக்காமல் வந்துவிட்டேன்.

ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். அம்மாவிடம் சீட்டு எழுதிப் போட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். கை தூக்கச் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அம்மா கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள் மாமா. உண்மை தெரிந்தால் உங்களை வாசல் ஏற விடமாட்டார்கள். பூங்கொடி கல்யாணம் கெட்டுப்போகும். அவள் தினமும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் ஏன் எங்களை அனுப்பும் பக்கம் கை தூக்கினீர்கள் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. அதைக் கேட்க நான் எழுதவில்லை. வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. அது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

இங்கே அப்பாவின் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று பஸ் ஸ்டாப்பில் அழகுமலையைப் பார்த்தேன். “ஏனுங்க தம்பி, உங்களையுமா நிறுத்திப்போட்டாங்க?” என்று கேட்டு, என் தோளில் கை வைத்தார். குத்திக் காட்டவில்லை மாமா. நிஜமாகவே வருத்தப்பட்டார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தங்கள்
மருதாசலம்


மும்பை
6.3.1997

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது குணம். பூங்கொடி கல்யாண வேலைகள் எந்த மட்டில் இருக்கின்றன? மண்டபம் பேசியாகிவிட்டதா? மச்சான் அலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் மருது சொன்னபடிதான் நடந்தது. பெரும்பான்மை அப்படிப் போய்விட்டது. நான் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். அது எனக்கு உறுத்துகிறது.

மருதுவிடம் பரீட்சைப் படிப்பை விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் புத்தகங்கள் சில இங்கே இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன். எனக்குத் தெரிந்த இடங்களிலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

தம்பி
ஞானசம்பந்தம்


பெருமாநல்லூர்
29.3.1997

அன்புள்ள என் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

எல்லோரும் சுகம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்கு அவினாசிக்காரர்.

உன் கடிதத்தைப் படித்தபின் எனக்கு என் மேலேயே வெட்கமாகிவிட்டது. கண்டபடி சந்தேகப்பட்டுவிட்டேன். ‘இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்’ என்று நீ எழுதியதை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். “பாத்தீங்களா, எந்தம்பி மனசு எப்படிக் கெடந்து அடிச்சுக்குது” என்றேன். சம்பந்தி வீட்டில் மருது விஷயத்தை மறைக்கவில்லை. “பையனோட மாமன் கடைசி வரைக்கும் போராடிப் பாத்தாருங்க, நடக்கல” என்று சொன்னேன். பல்லடத்துச் சம்பந்தி எழுந்து, “அப்பேர்ப்பட்ட மாமன் இருக்கறப்ப நமக்கென்னங்க கவலை” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்று. மருது தன் அப்பாவோடு சண்டை போட்டான். அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு முறை போடுங்கள், இல்லாவிட்டால் நான் ஆபீஸ் பக்கம் வரமாட்டேன் என்றான். சுப்பண்ணன் பையனுக்கும் முறைதான் என்றான். உன் மச்சான் தையாத்தக்கா என்று குதித்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார். பழைய டெய்லர்களில் சிலர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சுப்பண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நிறுத்திய ஆறு பேரிலும் சிலர்தான் திரும்பி வந்தார்கள். அழகுமலை வந்தான். முதல் நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறான்.

நியாயமாக நடப்பது எவ்வளவு தொல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நீ எந்தச் சங்கடத்தில் இருந்திருப்பாய் என்றும் தெரிகிறது.

மருது வெளியே சிரிக்கிறான். கோயமுத்தூர் விமானம் போகிற சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறான். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறோம். தாய்மாமன் என்று உன் பெயர் முதலில் வரும். கேப்டன் என்று போடச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

உன் அக்கா
மயிலாத்தாள்


மும்பை
10.4.1997

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு இன்று தகுதி இல்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

சீட்டு எழுதிப் பெட்டியில் போடவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். நாற்பது பேரை அனுப்பலாம் என்ற பக்கம் நான் கை தூக்கினேன். மருது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். பார்த்தான். கல்யாணம் கெட்டுவிடக் கூடாது என்று உங்களிடம் அவன் பொய் சொன்னான். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னான். நானும் எழுதினேன். நான் கடைசி வரை போராடியதாகச் சம்பந்தி வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு என்னால் இதைச் சுமக்க முடியவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். சம்பளத்துக்காக இல்லை. எல்லோரும் குறைத்துக்கொள்வதுதான் சரி என்று எனக்கு அன்றைக்கும் தெரியும். கூட்டம் தொடங்கும் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர், “கேப்டன் ஞானத்துக்கு என்ன, அவருடைய ஓட்டு அவர் அக்கா வீட்டு ஓட்டு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சொந்தக்காரனுக்காகப் பேசுகிறவன் என்ற பேர் வந்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பு. கை தூக்கச் சொன்னபோது என் கை மேலே போய்விட்டது. என் பின்னால் சிலர் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார்கள். கமிட்டி ஆள் தூக்கியதைப் பார்த்து அவர்களும் தூக்கினார்கள். அவர்கள் மறு பக்கம் தூக்கியிருந்தால் முடிவு மாறியிருக்கும். நாற்பது வீடுகளிலும் அடுப்பு வேறு மாதிரி எரிந்திருக்கும்.

வசந்தாமணியிடம் சொன்னேன். “ஞாயஸ்தன்னு காட்டிக்கறதுக்கு நம்ம பையந்தானுங்களா கெடைச்சான்?” என்று கேட்டாள். பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. மருது சொல்லிக்கொள்ள வந்த அன்று நான் தூங்கவில்லை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

சீர் எடுக்க வேறு யாரையாவது சொல்வதானால் சொல்லுங்கள். பெரியப்பா மகன் இருக்கிறார். பத்திரிகையில் என் பெயர் வேண்டாம் என்றாலும் எனக்குக் கேட்க வாயில்லை. மருதுவைக் கோபிக்காதீர்கள். அவன் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

ஞானசம்பந்தம்


பெருமாநல்லூர்
26.5.1997

ஞானசம்பந்தத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வசந்தாமணி இரண்டு முறை போன் செய்தாள். எடுத்து, பூங்கொடியிடம் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பிரஸ்ஸுக்குப் போய் உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பெரியப்பா மகன் பெயரை எழுதிக் கொடுத்தேன். மறு நாள் மருது போய் அதை அடித்துவிட்டு உன் பெயரையே திரும்ப எழுதிவிட்டு வந்திருக்கிறான். “மாமன் பேரில்லாத பத்திரிகைய நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டம்மா” என்றான். உன் பெயரை ஏன் எடுத்தேன் என்பது அதற்குள் அவனுக்குப் புரிந்திருந்தது.

பிறகு நானே கேட்டேன், “நீ பாத்தியா கண்ணு?” என்று.

“பாத்தம்மா. கைய எடுத்ததும் மாமா என்னையத்தான் பாத்தாங்க. அப்பறம் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. கைய மட்டும் எறக்கல” என்றான்.

உன்னைத் திட்டி எழுத எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். அவன் அப்படிச் சொன்னதும் எதுவும் வாயில் நிற்கவில்லை. உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. என் பிள்ளை உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் நான் என்ன யோக்கியம்? ஊர் சொல்லுக்குப் பயந்து நீ சொந்தத்தை விட்டாய். சொந்தம் என்று சொல்லி நான் அழகுமலையின் சோற்றில் கை வைத்தேன். என்னை யாரும் கை தூக்கச் சொல்லவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சம்பந்தி வீட்டுக்குப் போய், மாமன் போராடவில்லை, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். பல்லடத்துக்காரர், “அதுக்கும் கல்யாணத்துக்கும் என்னங்க” என்று காபி கொண்டுவரச் சொன்னார். பூங்கொடியிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். அழுதுவிட்டு, “மாமா எப்ப வாராங்க?” என்று கேட்டாள்.

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயர் இருக்கிறது. கேப்டன் என்பதை மட்டும் எடுத்துவிட்டேன்.

வா. வசந்தாமணியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் முன்னதாகவே வா. சீரை நீதான் எடுக்க வேண்டும். ஊர் பார்க்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஊரைப் பார்த்து நடந்தது போதும். மருது வண்டி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவான், அவனே வருகிறேன் என்றான்.

நீ வந்து வாசலில் நிற்கும்போது நான் ‘வா’ என்று சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறேன். முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நீ திரும்பிப் போய்விடாதே. அங்கேயே நில்.

மயிலாத்தாள்